பிளஸ் பத்து

என் தாத்தாவின் கண்ணாடியை நான் உடைத்தது 1989 கோடை விடுமுறையில். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் படுக்கும்போது கண்ணாடியைக் கழற்றித் தலைமாட்டில் வைப்பது அவர் வழக்கம். நான் ஓடிவந்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஏழு வயது. சத்தத்தில் எழுந்தவர் முகத்தை என் பக்கம் திருப்பினார், ஆனால் பார்வை எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "யாரு, நைனாவா? கண்ணாடி மேலயா குந்திக்கின?" என்றார். அடிக்கவில்லை, திட்டவுமில்லை. தரையைத் தடவி, உடைந்த சட்டத்தின் காலையும் கண்ணாடித் துண்டு ஒன்றையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் ஓர் இலவச முகாமில் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அப்போது கொடுத்த கண்ணாடி அது. திருவொற்றியூர் குப்பத்தில் எல்லோரும் சோடாபுட்டி என்போம். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த வில்லை. வெளியிலிருந்து பார்த்தால் தாத்தாவின் கண் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை அவரைப் பார்த்தாலே அழும். உள்ளிருந்து பார்த்தவருக்கும் உலகம் அப்படித்தான் இருந்தது. "எல்லாம் பெர்சாத் தெர்து நைனா. ஆனா எங்க கீதுன்னுதான் தெர்ல" என்பார். டம்ளரை எடுக்கக் கை நீட்டினால், டம்ளருக்கு முன்னாலேயே கை மூடிக்கொள்ளும். டி.எச். ரோட்டைத் தாண்டும்போது பக்கவாட்டிலிருந்து சைக்கிள் திடீரென்று முளைக்கும். ஆனாலும் கண்ணாடி இருந்தால் அவர் ஆள். வலையில் எங்கே கிழிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க, கண்ணாடியை மூக்கு நுனிவரை இறக்கிவிட்டுக் கண்ணி கண்ணியாகத் தேடுவார்.

உடைந்த பிறகு ஐந்து வாரம் ஆயிற்று, பாரிமுனையில் ஒரு கடையில் சொல்லிவைத்துப் புதுக் கண்ணாடி வருவதற்கு. பணம் புரட்ட மூன்று வாரம், வில்லை வர இரண்டு வாரம். அதுவரை அம்மா கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். வலை பின்னக் கை போதும், கிழிசலைக் கண்டுபிடிக்கத்தான் கண் வேண்டும். அவர் மடியில் ஒரே வலை பல நாள் கிடந்தது.

தாத்தாவுக்குக் கண் மறுபடி போய்விட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து, என் கண்ணை ஒரு மருத்துவரிடம் காட்டி, "லேசர் பண்ணிக்கலாமா டாக்டர்?" என்று கேட்கப்போனபோதுதான் விஷயம் புரிந்தது. எனக்கு இரண்டு கண்ணிலும் பிளஸ் மூன்றரை, அதாவது தூரப்பார்வை. தாத்தாவுக்கு அந்த ஐந்து வாரமும் இருந்தது இதே கோளாறுதான், பிளஸ் பத்து அளவில். அதை அவருக்குக் கொடுத்தது புரையை எடுத்த அறுவையேதான். மருத்துவர் எனக்கு லேசர் வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் சொன்ன பத்து நிமிஷ விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு நான் படிக்க ஆரம்பித்தேன். தூரப்பார்வையைக் கத்தியால் சரிசெய்யப் போனவர்களின் கதை நம் ஊர்களுக்குள்ளேயே இவ்வளவு சுற்றியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

*

முதலில் அந்தச் சொல். தூரப்பார்வை என்றதும் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும் என்று தோன்றும். பாதிதான் உண்மை. விழி கொஞ்சம் குட்டையாக இருந்தாலோ, ஒளியை வளைக்கும் சக்தி போதாமல் இருந்தாலோ, பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்குப் பின்னால் விழப்போகும். இளம் வயதில் கண்ணுக்குள் இருக்கும் வில்லை தசையின் உதவியால் தன்னைக் குண்டாக்கிக்கொண்டு அதைச் சமாளித்துவிடும். இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு இப்போதே பிளஸ் ஒன்று, ஒன்றரை இருக்கலாம். சாயங்காலமானால் நெற்றி வலிக்கிறது, போன் பார்த்துப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நாற்பதை ஒட்டி வில்லை விறைத்துப்போகும்போது குட்டு வெளிப்படும். அந்த வயதில் எல்லோருக்கும் வருவது வெள்ளெழுத்து, அது வேறு. எழுத்து வெளுத்துத் தெரிவதால் வெள்ளெழுத்து. நோயாளி தானே சூட்டிய பெயர் மாதிரி இருக்கிறது, எனக்குப் பிடித்த சொல். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

இப்போது அந்த வில்லையையே எடுத்துவிட்டால்? கண்ணின் மொத்தச் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதனுடையது. புரை என்பது அந்த வில்லை மங்கிப்போவதுதான். மங்கிய வில்லையை அகற்றினால் வெளிச்சம் உள்ளே வரும், ஆனால் குவியாது. கிட்டேயும் தெரியாது, எட்டேயும் தெரியாது. அதை ஈடுகட்டத்தான் மூக்கின் மேல் பிளஸ் பத்து. கண்ணாடி விழியை விட்டுச் சற்றுத் தள்ளி நிற்பதால் பிம்பம் கால் பங்குக்கும் மேலாக ஊதிப்போகிறது. டம்ளர் பெரிதாகத் தெரிந்தால் மூளை அதைக் கிட்டே இருப்பதாகக் கணக்குப்போடும். வில்லையின் ஓரத்தில் ஒளி வளைகிற விதத்தால் சுற்றிலும் ஒரு குருட்டு வளையம் உண்டாகும். சைக்கிள் முளைத்தது அதிலிருந்துதான். மூக்கு நுனிக்கு இறக்கியதற்கும் கணக்கு உண்டு: பிளஸ் வில்லை கண்ணைவிட்டு விலக விலக அதன் பலன் கூடும். கிட்டத்து வேலைக்கு இன்னொரு கண்ணாடி கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. அதைத் தாத்தா தன் மூக்கை வைத்தே சரிசெய்துகொண்டார்.

*

புரையைக் கண்ணிலிருந்து வெளியே எடுப்பது புதுப்பழக்கம். அதற்கு முன் ஆயிரம் வருஷங்களுக்கும் மேலாக அதை உள்ளேயே தள்ளிவிட்டார்கள். சுஸ்ருத சம்ஹிதை இதை விளக்கமாகச் சொல்கிறது. விழியின் வெள்ளைப் பகுதியில் ஊசியால் குத்தி, வில்லையை அதன் இடத்திலிருந்து பெயர்த்துக் கண்ணின் அடியில் விழவிடுவது. பாதையை அடைத்த பாறையைக் கிணற்றுக்குள் உருட்டிவிடுவது மாதிரி. வெளிச்சம் அந்த நொடியே வந்துவிடும். வைத்தியர் விரல்களை நீட்டி "எத்தனை?" என்பார், நோயாளி சரியாகச் சொல்வார், சுற்றி நிற்கும் சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

பிறகு நடப்பதைப் பார்க்க வைத்தியர் இருக்கமாட்டார். தமிழ்நாட்டு ஊர்களில் இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் நடந்துகொண்டே இருந்தவர்கள், கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கண்ணுக்குள் விழுந்த வில்லை அங்கேயே கிடந்து அழற்சி உண்டாக்கும். கண்ணின் அழுத்தம் ஏறி நரம்பு சாகும். ஊசி வழியே போன அழுக்கு சீழாகும். இதிலெல்லாம் தப்பித்தவருக்கும் மிச்சம் இருந்தது பிளஸ் பத்துத் தூரப்பார்வை, கண்ணாடியே இல்லாமல். விரலை எண்ணலாம், ஆள் நடமாட்டம் தெரியும், பேரன் முகம் தெரியாது. இதைத்தான் அன்று வெற்றி என்றார்கள். குருட்டோடு ஒப்பிட்டால் வெற்றிதான், அதை நான் மறுக்கவில்லை.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (1798 முதல் 1832 வரை ஆண்டவர்) கண் வைத்தியத்தில் காட்டிய ஆர்வம் அசாதாரணமானது. அவர் காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கண் நோயாளிகளைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகளும் நோயுற்ற கண்களின் வண்ண ஓவியங்களும் சரசுவதி மகாலில் இன்றும் இருக்கின்றன. யாரோ ஒருவர் நோயாளியின் முன் உட்கார்ந்து அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார். வைத்தியர் ஊரைவிட்டுப் போகாமல் ஒரே இடத்தில் இருந்தால்தான் அப்படிக் குறிப்பெழுத முடியும் என்று எனக்குத் தோன்றியது.

அதே காலத்தில், 1819இல், லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையின் வழியில் சென்னையிலும் ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார்கள். முதலில் ராயப்பேட்டையில், பிறகு எழும்பூரில். எங்கள் பக்கத்துக்கு அதற்கு முன்பே, 1782 பஞ்சத்தில், மணியக்காரர் சத்திரம் வந்திருந்தது. அங்கே கஞ்சி ஊற்றியதால் அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லியைப் பெரியவர்கள் இன்னமும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்கிறார்கள். வடக்கே கஞ்சி, தெற்கே கண். கண்ணுக்கு ராயபுரத்துக்காரர்கள் எழும்பூருக்குத்தான் போக வேண்டும்.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்கு 1904இல் தலைமையேற்றவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணழுத்த நோய்க்கு அவர் 1909இல் தொடங்கிய, விழியில் சின்ன வட்டத் துளை போடும் அறுவை உலகம் முழுக்கப் பரவியது. என்னை இழுத்தது அவருடைய இன்னொரு வேலை. ஊசி குத்தும் வைத்தியர்களிடம் போய்விட்டுப் பிறகு கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்த கண்களை அவர் கணக்கெடுத்தார். அகற்ற வேண்டியதாகிப்போன விழிகளைச் சேகரித்து, வெட்டி, தள்ளப்பட்ட வில்லை எங்கே கிடக்கிறது, என்ன செய்திருக்கிறது என்று பார்த்தார். 1917 பிப்ரவரியில் லண்டனில் இதைப் பற்றி உரையாற்றி, அதே ஆண்டு புத்தகமாகவும் போட்டார். வைத்தியர் ஊரைவிட்டுப் போன பிறகு என்ன நடந்தது என்பதை நூற்றுக்கணக்கான கண்களில் வரிசையாகப் பார்த்துப் பதிவு செய்த வேலை அது. அவருடைய எழுத்தில் வெள்ளைக்கார மிடுக்கு உண்டு, நாட்டு வைத்தியரை மோசடிக்காரராகவே பார்க்கிறார். ஆனால் நோயாளிகள் ஏன் முதலில் அங்கே போனார்கள் என்ற கேள்வியை அவராலும் தவிர்க்க முடியவில்லை. வைத்தியர் வீட்டு வாசலுக்கு வந்தார், ஆஸ்பத்திரி வரவில்லை.

ஒரு சின்ன விலகல். ஓய்வுபெற்று இங்கிலாந்து போன எலியட், இந்தியக் கயிற்று வித்தை பொய் என்று நிரூபிப்பதில் இறங்கினார். மந்திரவாதிகள் சங்கம் ஒன்றின் சார்பில் 1930களில், அந்தரத்தில் நிற்கும் கயிற்றில் ஆள் ஏறுவதைச் செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைவர் அவர்தான். விரலைக் காட்டி "எத்தனை?" என்று கேட்ட வைத்தியர்களைப் பத்து வருஷம் பார்த்த ஆளுக்கு அந்தக் கயிறு உறுத்தியிருக்கும்.

*

வில்லையைத் தள்ளாமல் வெளியே எடுக்கும் முறையை 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் ஜாக் டாவியேல் தொடங்கிவைத்தார். அது எழும்பூரை அடைந்து, முகாம்களை அடைந்து, 1987இல் என் தாத்தாவை அடைந்தது. இருநூறு வருஷங்களில் அறுவை எவ்வளவோ சுத்தமாயிற்று, சீழ் குறைந்தது, வலி போயிற்று. அறுவை உண்டாக்கும் தூரப்பார்வை மட்டும் அப்படியே இருந்தது, அதற்கு மருந்து சோடாபுட்டி.

கண்ணாடியை மூக்கின் மேல் வைப்பதற்குப் பதில் கண்ணுக்குள்ளேயே வைத்தால் என்ன? 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹரால்ட் ரிட்லி அதைச் செய்தார். போரில் விமான மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் பாய்ந்த விமானிகளின் கண்களில் அந்தச் சில்லு தொல்லை கொடுக்காமல் கிடந்ததை அவர் கவனித்திருந்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்தார். விளைவு ஒரு விதத்தில் வேடிக்கை. சக்தியைக் கணக்கிட்டதில் பிழை. தூரப்பார்வையைத் தடுக்க வைத்த வில்லை முதல் நோயாளிக்குக் கடுமையான கிட்டப்பார்வையைக் கொடுத்துவிட்டது. அடுத்தடுத்து வந்தவர்களில் சிலருக்கு வில்லை நழுவிக் கண்ணின் அடியில் போய் விழுந்தது, நம் ஊர் வைத்தியர்கள் பழைய வில்லையைத் தள்ளிவிட்ட அதே இடத்தில். சிலருக்கு அழற்சி, சிலருக்கு அழுத்தம். எலியட்டின் பட்டியலே திரும்பி வந்தது மாதிரி. இங்கிலாந்தின் பெரிய கண் மருத்துவர்கள் ரிட்லியைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவைத்தார்கள். வில்லையின் வடிவம் மாறி, அதை வைக்கும் இடம் மாறி, கணக்கு சரியாகி, அது வழக்கமான சிகிச்சையாக முப்பது வருஷம் ஆயிற்று. 2000இல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது, அடுத்த ஆண்டு இறந்தார்.

எனக்குக் கோபம் வந்த இடம் இதற்குப் பிறகு. 1980களில் பணக்கார நாடுகளில் உள்வில்லை சாதாரணமாகிவிட்டது. ஏழை நாடுகளின் முகாம்களில் சோடாபுட்டியே தொடர்ந்தது. காரணம் விலை மட்டுமல்ல. வெளிநாட்டு வில்லை ஒன்று 100 டாலருக்கும் மேல், அது உண்மை. அதோடு ஒரு வாதமும் இருந்தது: முகாமில் ஒரே நாளில் நூறு பேருக்குச் செய்கிற இடத்தில் உள்வில்லை வைத்தால் சிக்கல்கள் கூடும், நோயாளி ஊருக்குப் போய்விடுவார், திரும்ப வரமாட்டார், யார் பார்ப்பது? ஆபத்தில்லாத சோடாபுட்டியே போதும். இது முட்டாள்தனமான வாதம் இல்லை. ஆனால் சோடாபுட்டியை ஆபத்தில்லாதது என்று சொன்னவர் அதைப் போட்டுக்கொண்டு டி.எச். ரோட்டைத் தாண்டியிருக்கமாட்டார். அதன்மேல் ஒரு பேரன் உட்கார்ந்தால் என்னவாகும் என்பதும் அந்தக் கணக்கில் இல்லை.

மதுரையில் இந்த வாதத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கோவிந்தப்ப வேங்கடசாமி, அந்த விரல்களாலேயே அறுவை செய்யப் பழகியவர், 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், 1990களில், இரண்டு கண்ணிலும் புரையால் பார்வை போன 3,400 பேரை எடுத்துக்கொண்டார்கள். சீட்டுக்குலுக்குவது மாதிரிப் பிரித்து, பாதிப் பேருக்குப் பழைய அறுவையும் சோடாபுட்டியும், மீதிப் பேருக்கு உள்வில்லை. பிறகு ஒரு வருஷம் அவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். சிக்கல்களை மட்டும் எண்ணவில்லை, அவர்களால் தனியாக நடக்க முடிகிறதா, தன் வேலையைத் தானே பார்க்க முடிகிறதா என்றும் கேட்டார்கள். முடிவுகள் 1998இல் வெளிவந்தன. உள்வில்லை பாதுகாப்பானதுதான், பார்வையும் அன்றாட வாழ்க்கையும் அதில்தான் மேல். இதற்கிடையே 1992இல் தொடங்கிய ஆரோலேப், வில்லையை 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. 1994இல் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் உலக வங்கிக் கடனில் புரை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது, அரசு மருத்துவமனைகளும் மெல்ல மெல்ல உள்வில்லைக்கு மாறின.

சீட்டில் சோடாபுட்டி விழுந்த அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பற்றி நான் அடிக்கடி யோசிக்கிறேன். அவர்கள் இல்லாமல் அந்த விடை கிடைத்திருக்காது.

உள்வில்லை வந்ததும் எல்லாம் சுபம் என்று எழுத முடியாது. 2008இல் விழுப்புரம் மாவட்டத்து ஏழைகள் அறுபதுக்கும் மேற்பட்டோர் ஓர் இலவச முகாமில் புரை அறுவை செய்துகொண்டு, கிருமி தொற்றி, அறுவை செய்த கண்ணில் பார்வை இழந்தார்கள். முகாமைப் பற்றிப் பயந்தவர்களின் பயத்துக்கு ஆதாரம் இருந்தது.

*

தாத்தாவுக்கு இடது கண்ணில் அறுவை நடந்தது 1996இல், அரசு ஆஸ்பத்திரி ஒன்றில், உள்வில்லையோடு. கட்டுப் பிரித்த அன்று வீட்டுக்கு வந்து வாசலில் நின்று, காலண்டரில் இருந்த முருகனைப் பார்த்து, "வேல்ல கீற மணி கூடத் தெர்து" என்றார். மறுநாள் பழக்கத்தில் சோடாபுட்டியை எடுத்து மாட்டினார். மாட்டியதும் கழற்றிவிட்டார். தலை சுற்றியது. இடது கண் உலகத்தைச் சரியான அளவில் காட்டியது, வலது கண் அதைக் கால் பங்கு பெரிதாகக் காட்டியது. இரண்டையும் ஒன்றாக்க எந்த மூளையாலும் முடியாது. இரண்டு முருகன், ஒருத்தர் பெரியவர், ஒருத்தர் சின்னவர்.

வலது கண்ணுக்கும் பிறகு தனியாக உள்வில்லை வைத்திருக்கலாம், அதற்கு வழி இருந்தது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒரு கண் தெரிகிறதே, போதாதா என்ற கணக்கு. தாத்தா வலது கண்ணைக் கைவிட்டார். ஒன்பது வருஷம் அவரைச் சுமந்த கண்.

மாசி மாதம் எங்கள் ஊர்த் தியாகராஜர் கோயிலில் மகிழடி சேவை நடக்கும். சுந்தரர் சங்கிலியாரை மணந்து, உன்னைப் பிரியமாட்டேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்த கதை. சத்தியத்தை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டினதும் இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது, மற்றது திருவாரூரில். அந்த வருஷம் மகிழடிச் சேவை பார்த்துவிட்டு வரும்போது தாத்தா சொன்னார்: "அவ்ளோ பாட்டு பாடின ஆளுக்கே ஒரு கண்ணு ஒரு ஊர்ல, இன்னோரு கண்ணு இன்னோரு ஊர்லதான் குட்த்தாரு. எனுக்கு இன்னா நைனா?" காஞ்சிக்கும் திருவாரூருக்கும் நடுவே சுந்தரர் ஒற்றைக் கண்ணோடு எப்படி நடந்திருப்பார் என்று பெரியபுராணத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடத்தில் தாத்தாதான் வருகிறார்.

*

இனி என் கதை. எனக்கு வில்லை கெடவில்லை, விழிதான் குட்டை. வில்லையைத் தொடாமல், வெளியே இருக்கிற கருவிழியின் வளைவை மாற்றினால் போதுமே என்று நானும் நினைத்தேன், எனக்கு முன்னால் நிறையப் பேர் நினைத்தார்கள். 1898இல் நெதர்லாந்தில் லான்ஸ் என்பவர் முயல்களின் கருவிழியில் சூடு போட்டுப் பார்த்தார். சூடு பட்ட இடம் சுருங்கும், வளைவு மாறும். 1980களில் மாஸ்கோவின் ஃபியோதரோவ் பழுக்கக் காய்ச்சிய மெல்லிய கம்பியால் கருவிழியின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகச் சுட்டார். ஓரம் சுருங்கினால் இடுப்பில் பெல்ட்டை இறுக்கினது மாதிரி நடு புடைக்கும், தூரப்பார்வை குறையும். குறைந்தது. பிறகு பெல்ட் தானாகத் தளர்ந்தது. கருவிழியில் அறுகோணமாகக் கீறும் முறை ஒன்று வந்தது, தாறுமாறான வளைவும் கண்கூச்சமும் வந்து அதைக் கைவிட்டார்கள். 2000இல் லேசர் சூட்டுக்கு, 2002இல் ரேடியோ அலைச் சூட்டுக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. இரண்டிலும் பலன் வருஷங்களில் கரைந்தது.

இப்போது எல்லோரும் போகும் எக்சைமர் லேசருக்கு நம் ஊர்ச் சம்பந்தம் உண்டு. மெட்ராஸில் 1929இல் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன், அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை செய்தவர். 1981இல், நன்றி நவிலும் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுவந்து அந்த லேசரை அதன்மேல் அடித்துப் பார்த்தார். அக்கம்பக்கம் கருகாமல், திசு மட்டும் சீராகச் செதுக்கப்பட்டிருந்தது. இன்றைய லேசர் கண் சிகிச்சை அந்த வான்கோழியிலிருந்து வருகிறது.

பிறகு எனக்கு மட்டும் ஏன் வேண்டாம்? மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார். மைனஸ் என்றால் கருவிழி மேட்டின் உச்சியைக் கொஞ்சம் சீவினால் போதும். பிளஸ் என்றால் நடுவை உயர்த்த வேண்டும், ஆனால் லேசருக்குச் சேர்க்கத் தெரியாது, எடுக்கத்தான் தெரியும். அதனால் நடுவை விட்டுவிட்டுச் சுற்றிலும் பள்ளம் தோண்டுவார்கள். பள்ளம் இருந்தால் நடு மேடாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், கருவிழியின் மேல்தோல் உயிருள்ளது. பள்ளத்தைக் கண்டால் அது தடித்து வளர்ந்து நிரப்பப் பார்க்கும். நிரம்ப நிரம்பப் பழைய பவர் திரும்பும். நடு மேடு சின்னது, கொஞ்சம் மையம் விலகினாலும் எழுத்து இரட்டையாகும். கண் வறளும். "மைனஸ் மூன்றரைன்னா இன்னைக்கே தேதி குடுத்திருப்பேன்" என்றார்.

திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்குப் பள்ளம் தோண்டினால் மணல் என்ன செய்யும் என்று தெரியும். சின்ன வயசில் கரையில் மேடு கட்டிச் சுற்றி அகழி வெட்டுவோம், இரண்டு அலைக்குள் அகழி தூர்ந்துவிடும். பெரிய அளவிலும் பார்த்திருக்கிறோம். 1870களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கியதும் வடக்கே வரவேண்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடல் உள்ளே வந்தது. தாத்தா வலை காயவைத்த மணல் இப்போது இல்லை, கருங்கல் கொட்டிவைத்திருக்கிறார்கள்.

வில்லையையே மாற்றிவிடலாமே என்று கேட்டேன், தாத்தாவின் இரண்டாவது கண் மாதிரி. மாற்றலாம். ஆனால் குட்டை விழியில் வில்லையின் சக்தியைக் கணக்கிடுவது கஷ்டம், நூலிழை பிசகினாலும் பவர் தவறிப்போகும், ரிட்லிக்கு நடந்ததன் சின்ன வடிவம். நல்ல வில்லையை எடுத்தால், மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்சக் குவிக்கும் சக்தியும் போகும். சென்னையிலேயே மருத்துவர் சூசன் ஜேக்கப், கிட்டப்பார்வைக்காரர்களின் கருவிழியிலிருந்து அகற்றிய திசுத் துணுக்கை வெள்ளெழுத்துக்காரர்களின் கருவிழிக்குள் வைக்கும் முறையைச் செய்திருக்கிறார். எடுக்கத் தெரிந்த லேசருக்குச் சேர்க்கவும் கற்றுக்கொடுப்பது. படிக்கும்போது ஆசையாகத்தான் இருந்தது. "அறுபது வயசில் புரை வரும், அப்போ சேர்த்துப் பார்த்துக்கலாம். இப்போ கண்ணாடி போடுங்க" என்றார் மருத்துவர்.

கண்ணாடி போட்டிருக்கிறேன். தாத்தா 2003இல் போய்ச் சேர்ந்தார். பாரிமுனையில் வாங்கிய அந்த இரண்டாவது சோடாபுட்டி அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தது. என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுப் பார்த்தேன். மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டை ஒரு சாணுக்கும் குறைவாக முகத்தருகே பிடித்தால், எழுத்து பெரிதாக, கறுப்பாகத் தெரிகிறது. நிமிர்ந்தால் அறை முழுக்கக் கலங்கல். அம்மா மேஜையில் காபி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கை நீட்டினேன். டம்ளர் இன்னும் தள்ளி இருந்தது.